வீட்டில் கல் அறுப்போர் கவனத்திற்கு

கருங்கல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து நிறம் மங்கியிருக்கும். அதையே நடுவில் அறுத்து, அறுத்த முகத்தை வழுவழுப்பாகத் தேய்த்துச் சிறிது நீர் தடவினால், கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெண்மையும் இளஞ்சிவப்புமான ஃபெல்ஸ்பார், நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் அப்பிரகம் ஆகியவை தனித்தனியே தெரியும். பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்து அறிவதை அந்த ஒரு முகம் காட்டிவிடும்.

எங்கள் குளத்தூர் வட்டாரத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. நார்த்தாமலை இவ்வட்டத்தில்தான் இருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களின் கிராமங்கள் பலவற்றில் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது குடும்பத் தொழிலாக நடந்து வந்தது. எனவே வீட்டில் உட்கார்ந்து கல்லோடு வேலை செய்வது எங்களுக்குப் புதிதன்று. மார்பிள் கட்டரும் ஆங்கிள் கிரைண்டரும் எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின், மாணவர்களும் ஆர்வலர்களும் பாறைத் துண்டுகளைச் சேகரித்துத் தாமே அறுத்துப் பார்க்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். (கோயிலும் குகையும் உள்ள பாறைகள் பாதுகாக்கப்பட்டவை. அங்கிருந்து சிறு சில்லும் எடுக்கலாகாது. கிணறு வெட்டிய இடத்தில் கிடக்கும் சிதறல்களே நமக்குப் போதும்.)

நானும் அப்படி ஒரு கல்லை அறுத்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவர்களுக்குக் காட்டுவதற்காகக் கருங்கல் ஒன்றை எடுத்து வந்தேன். டைல்ஸ் ஒட்டும் கொத்தனாரிடம் மார்பிள் கட்டரை இரவல் வாங்கி, வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் வைத்து அறுத்தேன். தண்ணீர் ஊற்றவில்லை. மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டதே பெரிய பாதுகாப்பு என்று எண்ணியிருந்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வெண்புகை போல் எழுந்த தூசும் சற்று நேரத்தில் அடங்கிவிட்டது.

குளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கருவியை எடுக்க மறுபடியும் கொட்டகைக்குள் போனேன். ஓட்டு இடுக்கு வழியே வெயில் கற்றை ஒன்று உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கற்றை முழுவதும் துகள்கள் மிதந்துகொண்டிருந்தன. கற்றைக்கு வெளியே காற்று தெளிவாக இருப்பதுபோலவே தோன்றியது. கொட்டகையின் மறு கோடியில் கட்டியிருந்த தூளியில், அப்போது எட்டு மாதக் குழந்தையாக இருந்த என் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தம் ஓய்ந்துவிட்டதே என்று அவள் பாட்டி கொண்டுவந்து போட்டிருந்தார்.

தூளியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று மாலை உட்கார்ந்து போட்ட கணக்குகளையே இங்கே தருகிறேன்.

அறுவையா, அரைவையா?

மரத்தை அறுக்கும் ரம்பத்துக்குக் கூரிய பற்கள் உண்டு. அவை மரநார்களை வெட்டிச் செல்கின்றன. கல்லை அப்படி வெட்ட முடியாது. 1812-ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலார் கடினத்தன்மைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அதன்படி வைரத்துக்கு 10, குவார்ட்சுக்கு 7, ஃபெல்ஸ்பாருக்கு 6. நன்கு பதம் ஏற்றிய எஃகும் குவார்ட்சுக்குக் கீழேதான் நிற்கிறது. எனவே எஃகுப் பல் கல்லில் தேயுமே தவிர, கல்லை அறுக்காது.

கல் அறுக்கும் வட்டின் விளிம்பில் இருப்பவை மிகச் சிறு வைரத்துகள்கள். உலோகப் பொடியோடு சேர்த்து இறுக்கப்பட்ட இத்துகள்கள் கல்லைச் சுரண்டிச் சுரண்டிப் பொடியாக்குகின்றன. பொடி வெளியேறிய இடம் பள்ளமாகிறது. பள்ளம் ஆழமாகிக் கல் இரண்டாகிறது. ஆகவே அறுவை என்பது பெயரளவில்தான், நடப்பது அரைவை.

உளியால் கல்லைப் பிளக்கும்போது பெரும்பகுதி சில்லுகளாகத் தெறிக்கிறது. அவ்வேலையிலும் தூசு உண்டு. உளி பிடிப்போரையும் அது பாதிக்கும். ஆனால் சுழலும் வட்டோ தான் எடுத்த கல் முழுவதையும் தூளாகவே வெளியே தள்ளுகிறது.

அந்தத் தூள் எவ்வளவு?

10 செ.மீ. நீளமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள ஒரே ஒரு வெட்டை எடுத்துக்கொள்வோம். வட்டின் கனம் 2 மி.மீ. என்றால், தூளாகும் கல்லின் கனஅளவு 10 × 5 × 0.2 = 10 கன செ.மீ. கருங்கல்லின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.7 கிராம். ஆகவே 27 கிராம் தூள் கிடைக்கிறது. இதில் பெரும்பகுதி காலடியில் விழுந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும், அதாவது 27 மில்லிகிராம் மட்டும், மிக நுண்ணிய தூசாகக் காற்றில் தங்குவதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள அறையின் கனஅளவு 27 கன மீட்டர். எனவே ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் தூசு இருக்கும். கருங்கல்லில் குவார்ட்ஸ் ஏறத்தாழ 30 விழுக்காடு; ஆக ஒரு கன மீட்டரில் 0.3 மில்லிகிராம் குவார்ட்ஸ். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, நலவாழ்வு நிர்வாகம் 2016-ஆம் ஆண்டில் வகுத்த வரம்பு 0.05 மில்லிகிராம்தான். நம் கணக்கு அதைப்போல் ஆறு மடங்கு!

அந்த வரம்பு எட்டு மணி நேரச் சராசரிக்கு உரியது, ஐந்து நிமிட வேலைக்கு அதை எப்படிப் பொருத்தலாம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தூசு எப்போது முடிகிறது என்பதைப் பார்ப்போம்.

விழுவதற்கு எத்தனை நேரம்?

காற்றில் விழும் சிறு துகளைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. காற்றின் பாகுநிலை அதைத் தடுக்கிறது. இரண்டும் சமமானதும் துகள் ஒரே வேகத்தில் இறங்குகிறது. ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட விதிப்படி, இந்த முற்று வேகம் துகளின் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

50 மைக்ரான் விட்டமுள்ள குவார்ட்ஸ் துகள் நொடிக்கு ஏறத்தாழ 20 செ.மீ. இறங்கும். நம் மூக்கின் உயரமான ஒன்றரை மீட்டரிலிருந்து தரையை அடைய அதற்கு 7 அல்லது 8 நொடி போதும். 2 மைக்ரான் துகளின் விட்டம் இதில் 25-இல் ஒரு பங்கு. எனவே அதன் வேகம் 625-இல் ஒரு பங்கு. அது தரையை அடைய 78 நிமிடம் ஆகும். அதுவும் காற்று அசையாமல் இருந்தால்தான். மேசை விசிறி ஒன்று சுழன்றால் அது இறங்கவே இறங்காது, அறையெங்கும் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் பார்த்தபோது ‘அடங்கிவிட்ட’ தூசு பெரிய துகள்களே. சிறியவை சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வலிய ஒளிக்கற்றை குறுக்கே பாயும்போது அவை ஒளியைச் சிதறடிப்பதால் வெளிப்படுகின்றன. வெயில் கற்றை இல்லாத நேரத்தில் அறையை இருட்டாக்கிக் கைவிளக்கை அடித்தும் இதைப் பார்க்கலாம்.

நுரையீரலில் நடப்பது

10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடுகின்றன. 4, 5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்றுச் சிற்றறைகள் வரை செல்ல வல்லவை. அங்கே அந்நியப் பொருள்களை விழுங்கிச் செரிக்கும் விழுங்கணுக்கள் காவல் இருக்கின்றன. நோய்க்கிருமியை அவை செரித்துவிடும். குவார்ட்ஸ் படிகத்தைச் செரிக்க முடியாது. விழுங்கிய அணு மடிகிறது. படிகம் மீண்டும் வெளிப்படுகிறது. அடுத்த அணு அதை விழுங்கி அதுவும் மடிகிறது. அந்த இடத்தில் வீக்கமும் பிறகு தழும்பும் உண்டாகின்றன. பஞ்சு போன்ற நுரையீரல் சிறுகச் சிறுக இறுகிப் போகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இருமல், மூச்சிரைப்பு எனத் தொடங்கும் இந்நோய்க்கு இன்றுவரை முழுக் குணம் தரும் மருந்து இல்லை. காசநோய் எளிதில் தொற்றவும் இது வழி செய்கிறது. சுவாசத்தில் புகும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அனைத்துலக நிறுவனம் 1997-இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

இந்நோய் நமக்குப் புதிதன்று. தமிழர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கங்களில் சிலிக்கோசிஸ் இருந்ததை 1940-களின் ஆய்வுகள் காட்டின. நம் பொழுதுபோக்குக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு குஜராத்திலுள்ள காம்பே நகரம். அங்கே அகேட் என்னும் மணிக்கல்லை வீடுகளிலேயே அறுத்து, அரைத்து, மெருகேற்றுகிறார்கள். அகேட் முழுவதும் சிலிக்காவே. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் அங்கு ஆய்வுகள் நடத்தினர். கல் அரைப்பவரோடு நின்றுவிடாமல், கல்லையே தொடாத அக்கம்பக்கத்தாரையும் தூசு எட்டுவது அறியப்பட்டது. வீடே பட்டறையானால் வீட்டார் அனைவரும் தொழிலாளர்தாமே!

எல்லாக் கல்லும் ஒன்றன்று. பளிங்குக் கல்லிலும் சுண்ணாம்புக் கல்லிலும் சிலிக்கா பொதுவாகக் குறைவு. மணற்கல்லில் மிக அதிகம். சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் 90 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். இப்பலகைகளை அறுத்த இளந்தொழிலாளர்கள் பலர் நோயுற்றதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவற்றைத் தடை செய்தது. கடைக்காரர் இலவசமாகத் தருகிறார் என்று இதன் வெட்டுத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அறுக்காதீர்கள்.

மாதத்துக்கு ஒரு கல் அறுப்பவருக்கு இந்நோய் வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. தூசின் செறிவும் அதில் கழிக்கும் நேரமும் சேர்ந்தே கேட்டை நிர்ணயிக்கின்றன. ஆனால் பொழுதுபோக்கு பழகப் பழக நேரம் கூடும். தூளியில் கிடக்கும் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதுமில்லை.

நீர் என்னும் காவல்

தூசைத் தடுக்கச் சிறந்த வழி நீர். வட்டும் கல்லும் உரசும் இடத்திலேயே நீர் பாய்ந்தால், துகள் பிறக்கும்போதே நனைந்து சேறாகக் கீழே வழிந்துவிடும். பிறந்து பறந்த பின் நீர் தெளித்துப் பயன் குறைவு. விழும் நீர்த்துளியைச் சுற்றிக் காற்று விலகிச் செல்கிறது. நிறை மிகக் குறைந்த நுண்துகளும் காற்றோடு சேர்ந்து விலகித் தப்பிவிடுகிறது. ஆகவே நீர் வட்டின் விளிம்பில் இருக்க வேண்டும். அது வட்டையும் குளிர்விக்கும்.

ஆர்வலர்களுக்கு ஏற்றது மேசை வகை அறுவை இயந்திரம். இதில் வட்டின் கீழ் விளிம்பு நீர்த்தொட்டியில் நனைந்தபடி சுழலும். மோட்டார் நீருக்கு எட்டாத இடத்தில் இருக்கும். கல்லைத்தான் வட்டை நோக்கி நகர்த்துவோம்.

கைக்குட்டையும் துண்டும் போதா. அவற்றின் இழை இடைவெளி நுண்துகளைவிடப் பன்மடங்கு பெரிது. என்-95 வகை முகக்கவசம் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்குமாறு சோதிக்கப்பட்டது. அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான். தாடி இருந்தால் ஓரங்களில் காற்று புகுந்துவிடும். நீர் முதற்காவல், முகக்கவசம் இரண்டாம் காவல்.

நீரும் மின்சாரமும்

ஒரு கேட்டைத் தடுக்க வந்த நீர் இன்னொரு கேட்டைக் கூட்டி வருகிறது. கையில் பிடித்த மார்பிள் கட்டரால் ஒருவர் அறுக்க, இன்னொருவர் சொம்பால் தண்ணீர் ஊற்றுவது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. மோட்டாரின் காற்றுத் துளைகள் வழியே அந்த நீர் உள்ளே போனால் என்ன ஆகும்?

ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓமாகக் குறைந்துவிடலாம். 230 வோல்ட்டை 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். 0.1 ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமானது. வீட்டில் ஃபியூஸ் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். 5 ஆம்பியர் ஃபியூஸ் உருக 5 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். 0.23 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே அன்று. ஃபியூஸ் வைக்கப்பட்டது கம்பியைக் காப்பாற்றவே.

மனிதரைக் காக்க வந்தது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. ஒரு கம்பியில் போகும் மின்னோட்டமும் மறு கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இடையே ஒரு பகுதி நம் உடல் வழியே தரைக்குப் போனால் சமநிலை கெடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் கணப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். இக்கருவி இல்லாத இணைப்பில் நீரோடு கல் அறுக்காதீர்கள். இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். ஒயர் சுவிட்சுப் பலகையைவிடத் தாழத் தொங்கிப் பிறகு மேலேறட்டும். வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காமல் ரப்பர் செருப்பு அணியுங்கள்.

சுழலும் வட்டு

கையில் பிடிக்கும் கட்டரின் வட்டு 11 செ.மீ. விட்டமுடையது, நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றக்கூடியது. அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு 69 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். விளிம்பிலுள்ள 1 கிராம் துண்டை வட்டோடு பிடித்து வைக்க எவ்வளவு விசை வேண்டும்? மையநோக்கு விசைக் கணக்குப்படி, ஏறத்தாழ 9 கிலோகிராம் எடையைத் தாங்கும் விசை! சுழல் வேகம் இரு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். ஆகவேதான் ஒவ்வொரு வட்டின் மீதும் அது தாங்கும் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கிறது. பெரிய வட்டைப் பொருத்துவதற்காகக் காப்பு மூடியைக் கழற்றுவோர் உண்டு. இது இரட்டைத் தவறு. வட்டு தன் வரம்பை மீறிச் சுழலலாம். உடைந்தால் தடுக்க மூடியும் இல்லை.

15 செ.மீ. வட்டுள்ள மேசை இயந்திரம் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் விளிம்பின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அதே 1 கிராமுக்கு வேண்டிய விசை முக்கால் கிலோ எடைக்கும் குறைவு. மேசை இயந்திரத்தை நான் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கேடு, வட்டு இறுகிக்கொள்வது. உருண்டைக் கல்லைக் கையால் பிடித்து அறுக்கும்போது கல் சற்றே திரும்பினால் பள்ளத்தின் சுவர்கள் வட்டைக் கவ்விக்கொள்ளும். வட்டின் சுழல் ஆற்றல் முழுவதும் ஒரு நொடியில் வேறிடம் தேடும். மேசையானால் கல் தூக்கி எறியப்படும், விரலும் கூடப் போகலாம். கைக்கருவியானால் கருவியே நம்மை நோக்கித் துள்ளும். எனவே கல்லைப் பிடிப்பானில் இறுக்குங்கள். தட்டையான அடிப்பக்கம் இல்லாவிட்டால் மரத்துண்டால் முட்டுக் கொடுங்கள். வட்டு முழு வேகம் பெற்ற பின்னரே கல்லைத் தொடட்டும். அழுத்தித் தள்ள வேண்டாம். வட்டின் வேகத்துக்குக் கல் தானே வழிவிடும். வட்டு சுழலும் தளத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

தொங்கும் துண்டு, வேட்டி முனை, தாவணி, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த பின்னல் எதுவும் அருகில் இருக்கலாகாது. துணிக் கையுறையும் கூடாது. நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குப் பக்கங்களும் மூடிய கண்ணாடி, காதுக்குச் செருகி, இரண்டும் வேண்டும்.

வேலை முடிந்த பின்

சேறு காய்ந்தால் மறுபடியும் தூசுதான். ஆகையால் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைத்து எடுங்கள். சேற்று நீரைக் கழிவுக் குழாயில் ஊற்றினால் படிந்து அடைத்துவிடும். வாளியில் தெளியவிட்டு, மேல்நீரை வடித்து, அடியில் தங்கிய வண்டலை ஈரத்தோடு குழியில் புதைத்துவிடுங்கள். உடுத்திய உடையை உதறாமல் தனியே நனைத்து அலசுங்கள். குளித்த பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

இப்போது நான் தோட்டத்து வேப்பமரத்தடியில், வீட்டை விட்டுத் தள்ளி, சிறு மேசை இயந்திரத்தில்தான் அறுக்கிறேன். காற்று வீட்டுப் பக்கம் வீசும் நாளில் இயந்திரத்தை எடுப்பதில்லை. முதல் வேலையாக ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம். பொழுது சாய்ந்த பின் சிறு வெட்டு ஒன்று போட்டு இயந்திரத்தை நிறுத்துங்கள். நீர்ச் சாரல் அடங்கச் சில நிமிடம் பொறுத்துக் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். கற்றையில் துகள்கள் மிதந்தால் வட்டுக்கு நீர் போதவில்லை என்று பொருள். தொட்டியில் நீர்மட்டத்தை உயர்த்திவிட்டு மீண்டும் பாருங்கள். எனக்கு மூன்றாம் முறைதான் கற்றை வெறுமையாகத் தெரிந்தது.

அன்று கொட்டகையில் அறுத்த கல் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மகளுக்கு இப்போது நான்கு வயது ஆகப் போகிறது. விரலை நீரில் நனைத்து அதன் முகத்தில் தடவி, நிறங்கள் எழுவதைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்த விளையாட்டு.